பதிப்புரிமையா, காப்புரிமையா?

'காப்புரிமை பெற்ற மென்பொருளைப் படியெடுக்காதீர்' என்று பள்ளிக் கணினி அறைகளில் எழுதி ஒட்டுவதுண்டு. சொல்ல வந்தது காப்பிரைட். ஆனால் 'மஞ்சளுக்குக் காப்புரிமை' என்று நாளிதழ்கள் எழுதியது பேட்டன்ட் பற்றி. மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது.

இரண்டும் வேறு சரக்கு. பேட்டன்ட் என்பது கண்டுபிடிப்புக்கு. விண்ணப்பித்துப் பெற வேண்டும், 20 ஆண்டுக்குத்தான் செல்லும். காப்பிரைட் என்பது எழுத்து, படம், இசை போன்ற படைப்புகளுக்கு. படைத்த உடனே தானாக வந்துவிடும். இந்தியாவில் எழுத்தாளர் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டும் இருக்கும். 'காப்பி'க்கும் 'காப்பு'க்கும் உள்ள ஓசை ஒற்றுமைதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் ஊகம். காப்புரிமையைப் பேட்டன்டுக்கு விட்டுவிட்டு, காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்பதே நல்லது.

காப்பிரைட்டில் உள்ள 'காப்பி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் 'கோப்பியா' என்ற இலத்தீன் சொல். பொருள் வளம், மிகுதி. லண்டன் அச்சுக்காரர் சங்கத்தில் ஒரு நூலைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டவருக்கே அதை அச்சிடும் உரிமை. அதாவது முதலில் உரிமை அச்சுக்காரருக்கு, எழுதியவருக்கு அல்ல. 1710இல் நடப்புக்கு வந்த ஆங்கிலேயச் சட்டம்தான் அதை எழுதியவர் பக்கம் திருப்பியது: 14 ஆண்டு, அவர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. அச்சுக்கூடத்தில் பிறந்த உரிமைக்குப் 'பதிப்பு' பொருந்தாமல் வேறென்ன பொருந்தும்?

பாட்டுக்கும் மென்பொருளுக்கும் ஏது பதிப்பு என்று கேட்கலாம். 'பதி' என்ற வேரிலிருந்துதான் பதிப்பகமும் வந்தது, ஒலிப்பதிவும் வந்தது. தவிர, நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே கணினி நிரலை இலக்கியப் படைப்பு வகையில்தான் சேர்க்கிறது.

அந்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஆசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டும். பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதும், வினாத்தாளில் ஒரு பகுதியைச் சேர்ப்பதும் அத்துமீறல் ஆகாது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்க்கும் பள்ளி நாடகத்துக்கும் விலக்கு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் உள்ள பகுதிகளைத் தொகுத்து விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் உள்ளிட்ட மூவர் 2012இல் வழக்குப் போட்டார்கள். 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம், கற்பித்தலின் பொருட்டு எடுத்த படி குற்றமில்லை என்ற நிலையை எடுத்தது. அதற்காக, கடையில் விற்கும் நாவலின் பி.டி.எஃப்.பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'லீவில் படிங்க' என்று போட்டுவிட்டு இந்த நிழலில் ஒதுங்க முடியாது.

அப்புறம் உரிமை, உரிமம் என்ற இரண்டு. பள்ளி ஒரு மென்பொருளுக்குக் காசு கட்டும்போது வாங்குவது உரிமம்தான், அதாவது லைசென்ஸ். உரிமை உருவாக்கியவரிடமே இருக்கிறது. ஒரு கணினிக்கான உரிமத்தை வைத்துக்கொண்டு ஆய்வகம் முழுக்க நிறுவினால் அது அத்துமீறல். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் அந்த உரிமமே படியெடுக்கவும் பகிரவும் அனுமதி தருகிறது. அங்கேயும் பதிப்புரிமை உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

நமக்கே உரிய சொல் ஒன்றும் உண்டு: நாட்டுடைமை. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுமக்களுக்கு உரியவை ஆயின. அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்களை, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து, அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றை யாரும் அச்சிடலாம். பள்ளி இணையதளத்தில் கதை, கவிதை போட நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது அந்தப் பட்டியலில்தான். அரசு தரும் விலையில்லாப் பாடநூலை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதில் 'விற்பனைக்கு அன்று' என்று அச்சிட்டிருப்பது விலையைப் பற்றி. பதிப்புரிமை அரசிடமே இருக்கிறது.