கட்டு யாருடையது?

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வக்கீலை மாற்ற வேண்டும் என்று, வக்கீலான என்னிடம் ஒருவர் வந்தார். வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்துவிட்ட நேரம். "கட்டு எங்கே?" என்று வழக்குக் காகிதங்களைக் கேட்டேன். பழைய வக்கீலிடம் இருக்கிறது, ஃபீஸ் பாக்கி முப்பதாயிரத்தைக் கொடுத்தால்தான் தருவேன் என்கிறார் என்றார். அந்தக் கட்டுக்குள் அவருடைய அப்பா காலத்தில் சொத்துப் பங்கை எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு ஒன்று இருந்தது. பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் போட்டு வாங்கிவிடலாம். கூர்ச்சீட்டு பதிவாகாத காகிதம். அந்த ஒரு தாள்தான், போனால் போனதுதான்.

மூன்று வாய்தா கழிந்தது. அவர் பணம் புரட்ட அலைந்தார். நானும் அந்த வக்கீலிடம் இரண்டு முறை பேசினேன். நான்காவது வாய்தாவில், வாதியான எங்கள் தரப்புச் சாட்சியம் முடிந்ததாக நீதிமன்றம் பதிந்துவிட்டது. அப்புறம் சாட்சியத்தை மறுபடி திறக்க ஒரு மனு, சாட்சியைத் திரும்ப அழைக்க ஒரு மனு, இரண்டுக்கும் எதிர்த்தரப்பு ஆட்சேபணை என்று எட்டு மாதம் போனது. மனு அனுமதிக்கப்பட்டது, கூர்ச்சீட்டும் கடைசியில் கைக்கு வந்தது. ஆனால் அந்த எட்டு மாதத்துக்கு யார் பொறுப்பு?

அந்த வக்கீலுக்கு உண்மையிலேயே பாக்கி இருந்தது. நான்கு வருடம் வழக்கை ஒழுங்காக நடத்தியவர்தான். கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போனால் தன் உழைப்புக்குப் பணம் வராது, கையில் இருக்கும் ஒரே பிடிமானம் கட்டுதான் என்று அவர் நினைத்தார். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். சீனியர்கள் செய்வதைப் பார்த்து ஜூனியர்களும் இதைப் படித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது.

சட்டம் இதில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. போபாலில் ஒரு கூட்டுறவு வங்கிக்கு ஆஜராகி வந்த வழக்கறிஞர், தனக்குத் தொண்ணூற்றேழாயிரம் ரூபாய்க்கு மேல் பாக்கி இருக்கிறது என்று சொல்லி வழக்குக் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். வழக்கறிஞர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் இந்திய பார் கவுன்சில் அவரை 18 மாதம் தொழில் செய்யக் கூடாது என்று தடுத்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். ஆர்.டி. சக்சேனா வழக்கு என்று 2000-இல் வந்த அந்தத் தீர்ப்பு, வழக்குக் காகிதங்கள் ஈட்டுப் பொருள் ஆகாது, ஃபீஸ் பாக்கிக்காக அவற்றைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்குக் கிடையாது, திருப்பித் தர மறுப்பது தொழில் நடத்தைத் தவறு என்று சொன்னது. அதுவரை இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் தெளிவான விடை இல்லாததால் தண்டனை கண்டிப்போடு நின்றது. அந்தச் சலுகை அவரோடு முடிந்தது. இப்போது கட்டைப் பிடித்து வைக்கும் யாரும், எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

சரி, ஃபீஸை எப்படி வாங்குவது? 1926-ஆம் ஆண்டின் வழக்குத் தொழிலர் கட்டணச் சட்டம் கட்சிக்காரரோடு ஃபீஸ் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளவும், தராவிட்டால் வழக்குப் போட்டு வசூலிக்கவும் நமக்கு உரிமை தருகிறது. தொடக்கத்திலேயே எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் பாதிச் சண்டை வராது. "பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லும் பழக்கம் மரியாதையாகத் தோன்றும். பின்னால் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அந்த வார்த்தையிலிருந்துதான்.

வக்காலத்து மாற்றத்திலும் இதே சிக்கல் உண்டு. ஏற்கெனவே ஒருவர் ஆஜராகும் வழக்கில் அவருடைய சம்மதம் இல்லாமல் இன்னொருவர் வக்காலத்துப் போடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நல்ல விதிதான். ஆனால் அதைச் சாக்காக வைத்து "ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தராமல் இழுத்தடிப்பது நடக்கிறது. சம்மதம் கிடைக்காவிட்டால், காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்திலேயே அனுமதி கேட்கலாம் என்று அதே விதி சொல்கிறது. பழைய வக்கீல் கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்து வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை.

அடுத்தது பணம். கட்சிக்காரர் தரும் பணத்துக்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும், அது ஃபீஸுக்கா செலவுக்கா என்று குறிக்க வேண்டும். செலவுக்குக் கொடுத்ததை, வழக்கு நடக்கும்போது அவருடைய எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஃபீஸில் சேர்க்கக் கூடாது. கேட்டால் கணக்கின் நகலைத் தர வேண்டும். நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியரின் குமாஸ்தா ஒரு நீண்ட நோட்டு வைத்திருந்தார். கோர்ட் ஃபீ ஸ்டாம்புக்கு எவ்வளவு, பேட்டாவுக்கு எவ்வளவு, நகல் மனுவுக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். பத்து ரூபாய் மீதி இருந்தாலும் அடுத்த வாய்தாவுக்கு வரும்போது சொல்லிவிடுவார். அந்த ஆபீசில் பணத் தகராறு என்று ஒருவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் "வருவதில் இவ்வளவு சதவீதம்" என்று பேசுவது ஊரறிந்த வழக்கமாகிவிட்டது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி 20 நேரடியாகத் தடுக்கிறது. கட்சிக்காரரிடம் முன்கூட்டியே பணம் இல்லை, வேறு வழி என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் காலை இழந்த ஒருவரின் இழப்பீட்டில் நமக்கும் பங்கு என்று ஆகிவிட்டால், சமரசத்துக்குச் சம்மதிக்கலாமா வேண்டாமா என்று அவருக்குச் சொல்லும் ஆலோசனையில் நம் கணக்கும் கலந்துவிடும். ஒரு நிலையான தொகையைப் பேசி, தவணையில் வாங்கிக்கொள்ளலாம். செலவுக்கு வழியே இல்லாதவர்களை ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு வேதனை தருவது, போடாத வழக்கைப் போட்டதாகச் சொல்வது. 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு சென்னை வழக்கு இதற்குச் சாட்சி. காது கேளாத முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் புரோநோட்டுக் கடனை வசூலிக்கப் பணம் கொடுத்து ஒரு வழக்கறிஞரை நம்பினார்கள். வழக்கு நடக்கிறது என்று அவர் பொய் சொல்லிக் காலத்தைக் கடத்தினார். புரோநோட்டுக்கு மூன்று வருடம்தான் கெடு. கெடு தாண்டினால் கடன் உண்மையாக இருந்தாலும் கோர்ட் கதவு மூடிவிடும். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில், தொழிலிலிருந்து விலக்கி வைப்பதோடு இலவசச் சட்ட உதவிப் பணியும் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அன்று அந்த முதியவருக்கு விசாரித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. இன்று இருக்கிறது. தாக்கலாகும் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா தேதி, என்ன நடப்பு என்று எல்லாம் தெரியும். கட்சிக்காரர்களே, அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதால் வக்கீலை நம்பவில்லை என்று ஆகாது. நான் அந்த எண் எழுதிய கட்டு அட்டையை ஒரு படம் எடுத்து அவர்கள் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். அசல் ஆவணம் கொடுக்கும்போது என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியல் போட்டு ஆபீசில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் மட்டும் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசித் தீராவிட்டால் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் தரலாம். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35-இன்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிப்பு, தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கம் என்று தண்டனைகள் உண்டு. ஒரு வருடத்தில் முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நம் பொறுப்பு கூடித்தான் இருக்கிறது. நம் தவறை இனி பெரும்பாலும் நாமே விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. வழக்கில் சான்றாவணமாகக் குறித்த அசல் பத்திரங்கள் வழக்கு முடிந்ததும் தானாக வீட்டுக்கு வராது. மேல்முறையீட்டுக் காலம் கழிந்த பிறகு மனுப் போட்டு நீதிமன்றத்திலிருந்து திரும்ப வாங்க வேண்டும். அந்தப் பாகப்பிரிவினை வழக்கு இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது. அது முடிகிற அன்றைக்குக் கூர்ச்சீட்டைத் திரும்பக் கேட்கும் மனுவை என் நாட்குறிப்பில் இப்போதே குறித்து வைத்திருக்கிறேன்.