பிளானை உயர்த்தினால் லேக் போகாது

“100 எம்பிபிஎஸ் பிளானை 300-க்கு மாற்றிவிட்டோம் சார், பையன் ஆன்லைனில் விளையாடும்போது இன்னும் லேக் ஆகி, நின்று நின்றுதான் போகிறது.” இந்த வாரமும் இதே புகார். வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுத்துப் பழுது பார்ப்பது என் வேலை. இதைக் கேட்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது. போய்ப் பார்த்தால் ரவுட்டர் டிவி ஸ்டாண்டின் கதவுக்குள், செட்டாப் பாக்ஸோடு அடைந்து கிடக்கிறது. அதற்கும் பையனின் அறைக்கும் நடுவே இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ. கூடுதலாகக் கட்டிய பணம் அத்தனையும் வீண்.

எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு தகவல் வரலாம் என்ற கணக்கு மட்டுமே. ஆன்லைன் விளையாட்டில் ஆடும்போது போய்வரும் தகவல் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்ஸைக்கூடத் தொடுவதில்லை. அதற்கு வேண்டியது நேரம் தவறாமை. “யூடியூப் நன்றாக ஓடுகிறதே” என்று உடனே கேட்பார்கள். ஓடத்தான் செய்யும். வீடியோ அடுத்த சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. இடையில் அரை நொடி தடைபட்டாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. விளையாட்டில் முன்கூட்டி இறக்க எதுவுமில்லை. எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பது இனிமேல்தான் நடக்க வேண்டும். தகவல் சின்னஞ்சிறு பாக்கெட்டுகளாகத்தான் போய்வருகிறது; அதில் ஒன்று வழியில் தொலைந்தால் ஆட்டம் துள்ளுகிறது. ஆகவே ஸ்பீடு டெஸ்டில் 280 வந்தது என்று என்னிடம் காட்டாதீர்கள், தயவுசெய்து. அதே நொடியில் ஆட்டம் உறைந்து நிற்கலாம்.

ஸ்பீடு டெஸ்டுக்குப் பதில் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ரவுட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் போட்டுவிட்டு ஆடுங்கள். பிங் என்பது ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை. முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும், பல வீடுகளில் 192.168.1.1. வரிசையாக 2, 3, 2, 4 மில்லிநொடி என்று வந்தால் வைஃபை நலம். 3, 2, 187, 4, 412, பிறகு ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ (பதிலே வரவில்லை) என்று வந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அதை எந்த பிளானும் தீர்க்காது.

தீர்வில் முதலிடம் கேபிளுக்குத்தான். ரவுட்டரிலிருந்து கணினிக்கோ கேம் கன்சோலுக்கோ ஒரு கேட்-6 கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். சுவரின் அழகு கெடும் என்று மறுக்கிறவர்களே அதிகம். கதவு ஓரமாகச் சின்னக் கேசிங் அடித்தால் கண்ணுக்கே தெரியாது.

கேபிள் முடியாதென்றால் ரவுட்டரை வெளியே எடுத்து, நெஞ்சுயரத்துக்கு மேல் திறந்த இடத்தில் வையுங்கள். இடம் மாற்றும்போது மஞ்சள் ஃபைபர் வயரை மடக்கி ஆணியில் சுற்றாதீர்கள். மடங்கிய இடத்தில் ஒளி கசியும். விளையாடும் கருவியை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸை நம்பவே வேண்டாம்: அங்கே ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றுதான், பக்கத்து வீடுகள், ப்ளூடூத் ஹெட்போன், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில் நெரிகின்றன. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்; அதே அறை அல்லது ஒரே சுவர் என்றால் நல்லது.

வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் கடையில் மலிவாகக் கிடைக்கும்; அதை வாங்கி நடுவில் சொருகாதீர்கள். பெரும்பாலானவை ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகின்றன. சிக்னல் கோடுகள் நிறைந்து தெரியும், தாமதம் கூடும்.

வைஃபை சீராக இருந்தும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தடுமாறினால், வீட்டில் யாருடைய போன் புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அப்லோடு வரிசை நிரம்பிவிட்டால் விளையாட்டின் பாக்கெட்டும் அதன் பின்னால்தான் நிற்கும். பேக்கப்பை இரவுக்கு மாற்றுங்கள், ரவுட்டரில் கியூஓஎஸ் (எந்தத் தகவலுக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும்) வசதி இருந்தால் போடுங்கள்.

விளையாட்டை நடத்தும் கணினியான சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் சென்னையிலிருந்து ஃபைபரில் ஒளி போய்வரவே சுமார் 30 மில்லிநொடி ஆகும். அதை யாராலும் குறைக்க முடியாது. விளையாட்டின் அமைப்பில் மும்பை சர்வர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பாக்கெட் தொலைகிறதா? கேபிளில் இணைத்த கணினியில் ஒரு ஜன்னலில் ரவுட்டருக்கும் இன்னொன்றில் வெளியே கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் பிங் ஓடவிட்டு, முதலாவது சீராகவும் இரண்டாவது அறுந்தும் தெரியும் நேரத்தில் படம் எடுங்கள். நேரத்தைக் குறித்து, அந்தப் படத்தோடு இணைப்பு நிறுவனத்திடம் புகார் கொடுங்கள்.