பாட்டைப் போடுபவரே லேபிள் வைத்திருந்தால்

ரேடியோவில் பாட்டுப் போடும் ஒருவர் சொந்தமாக ஒரு லேபிளும் (பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிடும் நிறுவனம்) நடத்தினால், புதிதாக வரும் இசைக்கலைஞர்களுக்கு அதைவிட நல்லது வேறில்லை. பிரிட்டனின் கில்ஸ் பீட்டர்சன் பல வருடங்களாக பிபிசியில் நிகழ்ச்சி நடத்துபவர். 2006இல் பிரவுன்ஸ்வுட் ரெக்கார்டிங்ஸ் என்ற லேபிளைத் தொடங்கி, பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத இளம் ஜாஸ் கலைஞர்களுக்கு இடம் கொடுத்தார். அவருக்கு முன்னோடியான பிபிசி டிஜே ஜான் பீல் 1969இல் தொடங்கிய டேன்டிலையன் லேபிள் சில வருடங்களிலேயே நின்றுபோனது. ஆனாலும் லாபக்கணக்குப் பார்த்து அதைத் தொடங்கியதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் பதிப்புரிமை வழக்கறிஞர். "அவரே ஆர்ஜே, லேபிளும் அவருடையதுதான். கையெழுத்துப் போடலாமா மேடம்?" என்று கேட்டுக்கொண்டு சுயாதீன இசைக்கலைஞர்கள் வருகிறார்கள். தாராளமாகப் போடலாம். அதற்கு முன், பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் என்ற இடத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

ஏன் அந்த இடம்? 1955இல் அமெரிக்க ராக் பாடகர் சக் பெர்ரியின் 'மேபெலின்' பாட்டு வெளிவந்தபோது, பாடலாசிரியர்கள் பட்டியலில் பெர்ரியோடு ஆலன் ஃப்ரீட் பெயரும் இருந்தது. ஃப்ரீட் அப்போது நியூயார்க்கின் புகழ்பெற்ற டிஜே. பாட்டில் அவருக்குப் பங்கு இல்லை, அதை ஒலிபரப்புவதில்தான் இருந்தது. பெயர் இருந்ததால் ராயல்டியிலும் பங்கு போனது. பாட்டு முழுக்க பெர்ரியுடையது என்று பதிவாக 1986 வரை ஆனது. முப்பது வருடம்!

பாட்டைப் போடக் காசு வாங்கும் 'பேயோலா' விவகாரம் 1959இல் வெடித்தது. காசு வாங்கவில்லை என்று எழுதித்தர மறுத்த ஃப்ரீடின் வேலை போனது; 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். அதே சமயத்தில் விசாரணைக்கு உள்ளான டிவி தொகுப்பாளர் டிக் கிளார்க்குக்கு லேபிள், இசைப் பதிப்பகம் என்று 30க்கும் மேற்பட்ட தொழில்களில் பங்கு இருந்தது. இசைத் தொழில் பங்குகளை விட்டுவிடச் சொன்னது அவர் நிகழ்ச்சி நடத்திய ஏபிசி டிவி நிறுவனம். விட்டார், நிலைத்தார். 1960இல் அமெரிக்கச் சட்டம் மாறி, காசு வாங்கியதை மறைத்து ஒலிபரப்புவது தண்டனைக்குரிய குற்றமானது.

நம் சட்டத்துக்கு வருவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும், ராயல்டியில் உரிமை வாங்கியவரோடு அவர்களுக்குள்ள சமபங்கை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் தரலாம். "ராயல்டி வேண்டாம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பங்கை நேராக வாங்கமுடியாது என்றால், அதன்மேல் கண் வைத்தவருக்கு இருக்கும் சுலபமான வழி தன்னையும் ஆசிரியராகச் சேர்த்துக்கொள்வது. "ட்யூனில் ஒரு மாற்றம் சொன்னேனே, என் பேரையும் போட்டுவிடுங்கள்" என்று அது சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். வேண்டாம் என்றால் பாட்டு ரேடியோவில் வராதோ என்ற பயத்தில் பலர் தலையாட்டிவிடுகிறார்கள். யோசனை சொன்னவர் எல்லாம் சட்டப்படி ஆசிரியர் ஆகிவிடமாட்டார்.

அதனால் பாட்டு முடிந்த அன்றைக்கே, வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, சம்பந்தப்பட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். லேபிளிடம் பேசுவது அப்புறம். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, இதே சதவீதப்படி பாட்டையும் பதிவு செய்யுங்கள்.

லேபிளுக்கு உரிமை எழுதிக்கொடுக்கும் அக்ரிமென்டில் இன்னும் இரண்டு விஷயம். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "நிரந்தரமாக, உலகம் முழுக்க" என்று அச்சடித்துக் கொண்டுவந்தால், எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிக்கொண்ட உரிமையை லேபிள் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், அக்ரிமென்டில் வேறுவிதமாகச் சொல்லாதவரை அது காலாவதியாகும். அந்த ஒரு வருடத்தை நீட்டும் வரி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.