கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: இதில் ஆட்டோ எங்கே?

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ என்ற வீடியோ கேமை ஜிடிஏ என்று சுருக்கிச் சொன்னால் விளையாடுகிறவர்களுக்கு உடனே புரியும். விரித்துச் சொன்னால்தான் குழப்பம். ‘கிராண்ட்’ என்றதும் நமக்குத் தடபுடலான கல்யாணம் நினைவுக்கு வரும். ‘ஆட்டோ’ என்றால் மூன்று சக்கரம். இங்கே இரண்டும் இல்லை.

இது அமெரிக்காவில் குற்றவழக்குகளில் அடிபடும் சொல். கிராண்ட் என்பது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இந்த இடத்தில் ‘பெரிய’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தெஃப்ட் என்றால் திருட்டு. பழைய ஆங்கிலச் சட்டம் திருட்டை இரண்டாகப் பிரித்தது. திருடிய பொருளின் மதிப்பு 12 பென்னிக் காசுக்கு மேல் போனால் பெருந்திருட்டு, அதற்குள் என்றால் சிறுதிருட்டு. இங்கிலாந்து 1827-இல் இந்தப் பிரிவினையைக் கைவிட்டது, அமெரிக்கா விடவில்லை. கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 487-ஆம் பிரிவு இன்றும் பெருந்திருட்டைப் பற்றித்தான் பேசுகிறது. பொதுவான வரம்பு 950 டாலர். களவு போனது கார் என்றால் கடைசியில் ‘ஆட்டோ’ ஒட்டிக்கொள்ளும், ஆட்டோமொபைலின் குறுக்கம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த அமெரிக்கச் சொல்லை 1997-இல் விளையாட்டுக்குப் பெயராக வைத்தவர்கள் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த டிஎம்ஏ டிசைன் நிறுவனத்தார்.

சரி, தமிழில்? ‘மாபெரும் வாகனத் திருட்டு’ என்று போட்டால் லாரியைத் திருடியது போல ஆகிவிடும். ‘பெரு’ திருட்டோடுதான் சேர வேண்டும், வண்டியோடு அல்ல. ‘தானுந்துப் பெருங்களவு’ கேட்க அழகுதான். ஆனால் தானுந்து என்று எந்த மெக்கானிக்கும் சொல்வதில்லை. களவுக்கோ அகத்திணையில் காதல் என்ற பொருளும் உண்டு. என் ஓட்டு ‘வாகனப் பெருந்திருட்டு’க்கு.

இதிலும் ஒரு இடறல் இருக்கிறது. விளையாட்டில் நிறுத்தி வைத்த காரின் கண்ணாடியை உடைத்து ஓட்டிப்போனால் அது திருட்டு. சிக்னலில் நிற்கும் காரின் கதவைத் திறந்து, ஓட்டுநரின் சட்டையைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டுவிட்டு ஏறினால் அது வழிப்பறி. கலிபோர்னியாவிலும் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. நாம் பெரும்பாலும் செய்வது இரண்டாவதைத்தான்!

2013-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் மைக்கேல், பிராங்க்ளின், டிரெவர் என மூன்று நாயகர்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது காட்சி வானத்துக்கு ஏறி, லாஸ் சாண்டோஸ் என்ற கற்பனை நகரிலோ அதன் சுற்றுப்புறத்திலோ வேறொரு மூலையில் இறங்கும். இவர்களில் பிராங்க்ளின் ஆரம்பத்தில் ஒரு கார் வியாபாரியிடம் வேலை பார்க்கிறான். தவணை கட்டாதவர்களின் வண்டியைத் தூக்கி வரும் வேலை. அதற்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: சீசிங்.