'கெட்ட வார்த்தை' என்னும் கெட்ட பெயர்ப்பு

மலையாளப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவோர், வசைக்கும் கொச்சைப் பேச்சுக்கும் அம்மொழியில் பொதுப்பெயரான 'தெறி' என்று வரும் இடமெல்லாம் 'கெட்ட வார்த்தை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பொருந்தாது என்பது என் துணிபு. தமிழக-கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் இரு மொழியும் புழங்கும் எங்களுக்கு அதன் முதற்குறை உடனே காதில் படும். மலையாளத்தில் 'வார்த்த' என்றால் செய்தி. வடமொழி மூலத்தின் பொருளும் அதுவே. ஆகவே 'கெட்ட வார்த்தை' என்றால் ஏதோ துக்கச் செய்தி வந்தது போலிருக்கிறது.

பெரிய குறை வேறு. கேடு சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது என்று இத்தொடர் நம்பவைக்கிறது. கலித்தொகையின் 51ஆம் பாட்டில், சிற்றிலைக் காலால் சிதைத்துப் பந்தைப் பறித்தோடியவனைத் தலைவி 'சிறுபட்டி', அதாவது அடங்காச் சிறுபயல், என்கிறாள். அதில் சினத்தைவிடச் செல்லமே மிகுதி. பொள்ளாச்சியை ஒட்டிய சூளேசுவரன்பட்டியில் அந்தப் 'பட்டி' என்னும் ஒலி ஊர்ப்பெயரின் ஈறு. எல்லையைத் தாண்டினால், மலையாளத்தில், அதுவே நாய். ஆளைப் பார்த்துச் சொன்னால் கைகலப்பு. 'மயிர்' என்பதை வள்ளுவர் 964, 969ஆம் குறள்களில் கூசாமல் ஆண்டார். இன்று இரு மொழியிலும் அது வசையாகிவிட்டதால் 'முடி'க்கு ஓடிவிட்டோம். ஆனாலும் 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று அச்சிடச் செய்தித்தாள்கள் தயங்குவதில்லை.

தொல்காப்பியர் இதைத் தெளிவாகவே கண்டிருக்கிறார். அவர் தந்த பெயர் 'அவையல்கிளவி', அதாவது அவைக்கு ஆகாத சொல். குறை சொல்லின்மேல் அன்று, சொல்லும் இடத்தின்மேல் நிற்கிறது. அடுத்த நூற்பாவிலேயே, வழங்கி மருவியவற்றை மறைக்க வேண்டியதில்லை என்று காலத்துக்கும் வழிவிடுகிறார். நன்னூலார் இதனை மறைத்துக் கூறுவதை 'இடக்கரடக்கல்' என்றார். அதிலுள்ள 'இடக்கர்' நமக்குப் போதும்.

சிலர் 'ஆபாசச் சொல்' என்பதே நாகரிகம் என்று வாதிடுகிறார்கள். வடசொல் என்பதற்காக நான் அதை வெறுக்கவில்லை. வடமொழியில் 'ஆபாசம்' போலித்தோற்றத்தைக் குறித்தது. தருக்க நூலார் போலி ஏதுவை 'ஏத்துவாபாசம்' என்பர். தானே பொருள் மாறி வந்த சொல் என்பதும் குற்றமன்று. ஆனால் 'நாயே' என்பதில் என்ன ஆபாசம்? அது வசை. இசைக்கு, அதாவது புகழுக்கு, எதிரானது வசை என்பதைக் குறள் படித்தவர் அறிவர். உறுப்பையும் கழிவையும் புணர்ச்சியையும் வெளிப்படையாகச் சுட்டுவது இடக்கர். ஒரே சொல் இரண்டுமாக இருக்கலாம். எதுவுமாக இல்லாமலும் போகலாம். இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்ட ஒற்றைத் தொடரால் பெயர்ப்பாளருக்கு வேலை எளிதாகிறது, அவ்வளவுதான்.

யார் யாரிடம் சொல்கிறார் என்று பார்க்காமல் இதைப் பெயர்க்க முடியாது. சண்டையில் வரும் 'பட்டி'க்கு 'நாயே' சரி. தோளில் கைபோட்டுக்கொண்டு நண்பன் சொல்லும் 'பட்டி'க்குத் 'திருட்டுப் பயலே' என்று எழுதுவதுதான் தகும்.