மெக்கானிக்கும் நானே, வியாபாரியும் நானே

என்னிடம் ஆறு வருடம் ஸ்பானர் பிடித்த பையன் போன மாதம் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றான். தனியாக ஷெட் போடப் போகிறானாம். சந்தோஷமாகத் தட்டை வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னேன். டீ வருவதற்குள் அடுத்த திட்டத்தையும் சொல்லிவிட்டான்: "வேலையோட வேலையா அப்பப்ப ஒரு பழைய வண்டி வாங்கி ரெடி பண்ணி வித்துரலாம்ணே. கையில தொழில் இருக்கு, லேபர் செலவே கிடையாது."

இருபத்தெட்டு வயதில் நான் சொன்னதும் இதேதான். உள்ளே போய்ப் பழைய டைரியை எடுத்து வந்து அவன் முன்னால் விரித்தேன்.

நான் வாங்கி விற்ற முதல் வண்டியின் கணக்கு அதில் இருக்கிறது. வாங்கியது 1,60,000 ரூபாய்க்கு. நாலு டயர் 14,000, பேட்டரி 4,500, கிளட்ச் 7,500, டிங்கரிங் பெயிண்டிங் 9,000, புரோக்கருக்கு 3,000. ஆக 1,98,000. விற்றது 2,05,000. ஏழாயிரம் லாபம் என்று அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். வண்டி விலைபோக நாலு மாதம் ஆனதும், 1,60,000-ஐ ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்ததும் அந்தப் பக்கத்தில் இல்லை. வட்டி மட்டும் 12,800. கைநஷ்டம் 5,800. அந்த நாலு மாதமும் ஷெட்டில் இருந்த ஒரே நிழலான இடத்தை அந்த வண்டி அடைத்துக்கொண்டு நின்றதால், சர்வீஸுக்கு வந்த வண்டிகளை ரோட்டோரம் போட்டு வெயிலில் பார்த்தேன். என் சொந்தக் கை வேலைக்குக் கூலி இல்லைதான். ஆனால் அந்த நேரத்தில் அடுத்தவர் வண்டி பார்த்திருந்தால் வந்திருக்கும் கூலியும் இல்லை.

இன்றைக்கு இதில் வரியும் சேரும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் பழைய கார் விற்றால், 2025 ஜனவரியிலிருந்து எல்லா வகைக் காருக்கும் 18 சதவீதம். முழு விலைக்கு இல்லை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு. அங்கேதான் பலர் தப்பாக நினைக்கிறார்கள். டயருக்கும் பெயிண்டுக்கும் போட்ட செலவை அந்த வித்தியாசத்தில் கழிக்க முடியாது. என் வண்டியில் வித்தியாசம் 45,000. இன்றைய விதிப்படி 8,100 கட்டியிருக்க வேண்டும், நஷ்டத்தில் விற்றதற்கு! பணமாக வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. துண்டு துண்டாக வாங்கினாலும் ஒரே கணக்குதான்.

பையன் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான். காகித விஷயத்துக்கு வந்தேன்.

பழைய வண்டித் தொழிலில் ஊரெல்லாம் நடக்கிற வழக்கம் ஒன்று உண்டு. விற்பவரிடம் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில் வெறும் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவது. பெயர் மாற்றும் செலவு மிச்சம், ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கையும் ஏறாது. நானும் செய்திருக்கிறேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் அப்படி வாங்கிய வண்டி என் கையிலிருந்து இன்னொருவருக்குப் போய், அவரிடமிருந்து மற்றொருவருக்குப் போய், இன்சூரன்ஸ் முடிந்த நிலையில் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டிக்காரரை இடித்துவிட்டது. இழப்பீட்டு வழக்கின் நோட்டீஸ் வாத்தியார் வீட்டுக்கு வந்தது. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்து, என்னிடம் நீட்டி, "இதுல எந்த இடத்துல கையெழுத்துப் போடணும் தம்பி?" என்று கேட்டார். அதையும் பெயர் மாற்றும் ஃபாரம் என்றே நினைத்திருந்தார்.

வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற வேண்டும். நடுவில் வாங்கி விற்கிற நம்மைப் போன்றவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதியே வந்துவிட்டது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கினால் ஐந்து வருடம் செல்லும். உரிமையாளர் 29சி படிவம் வழியாக 'வண்டியை இன்ன டீலரிடம் ஒப்படைத்துவிட்டேன்' என்று இணையத்தில் தெரிவித்த பிறகு வண்டியின் பொறுப்பு டீலருடையது. டிரிப் பதிவேடு எழுத வேண்டும். அந்த வண்டியில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக முடியாது. தொல்லைதான். ஆனால் இந்த வசதி அன்றைக்கு இருந்திருந்தால் வாத்தியார் கவரோடு வந்திருக்க மாட்டார்.

வண்டியைப் பார்ப்பது பற்றி அவனுக்குச் சொல்ல அதிகம் இல்லை, கை பழகியவன். ஆனால் மெக்கானிக்குகளுக்கே உரிய ஒரு குருட்டுத்தனம் உண்டு: நேரே பானட்டைத் தூக்கி இன்ஜின் சத்தம் கேட்பது. தண்ணீரில் நின்ற வண்டியின் இன்ஜினைக் கழுவி ஆயில் மாற்றி ஓடவைப்பது பெரிய வித்தையே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ பளபளவென்று தெற்கே வந்தன. முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்க வேண்டும். யாரும் அதுவரை கழுவ மாட்டார்கள். சேற்றுக் கோடு அங்கே நிற்கும். பிறகு சீட்டுக்கு அடியில் ரெயில் போல்ட்டின் துரு, ஸ்டெப்னி குழியின் மூலை. கூடவே பழைய பாலிசியைக் கேட்க வேண்டும். பெயர் மாறாமலே ஏதாவது ஓர் ஆண்டில் என்.சி.பி. (க்ளைம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பூஜ்ஜியம் ஆகியிருந்தால் முந்தைய வருடம் க்ளைம் போயிருக்கலாம். எதற்கு என்று கேட்கலாம். கடன் முடிந்த வண்டி என்பார்கள், ஆர்.சி.யில் எச்.பி., அதாவது கடன் கொடுத்தவரின் அடமானப் பதிவு, நீக்காமலே இருக்கும். அதையும் பாக்கி சலானையும் பரிவாகன் தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இதைவிட அவனிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு. மெக்கானிக் வியாபாரியும் ஆகும்போது ஒரு கள்ளத்தனம் சத்தமில்லாமல் உள்ளே வரும். இன்ஜினில் ஹெட் கேஸ்கட் மட்டும் போய் ஒருவர் வண்டியைக் கொண்டு வருகிறார். "இன்ஜினே போச்சு சார், செலவு பண்ணாதீங்க, வந்த விலைக்குத் தள்ளிருங்க" என்று நாமே சொல்லி, அடுத்த வாரம் நாமே ஆள் வைத்து வாங்கிவிடலாம். லாபம் கொழிக்கும். நோயைச் சொன்னவனே பொருளையும் வாங்கினால் சொன்ன நோயை எவன் நம்புவான்? என் ஷெட்டில் நான் எஸ்டிமேட் கொடுத்த வண்டியை நான் வாங்குவதில்லை, வலிய வந்து கொடுத்தாலும் சரி. இதனால் விட்ட வண்டிகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது.

ஷெட் பக்கம் சுருக்கமாகச் சொன்னேன். வண்டி உள்ளே வந்ததும் மீட்டர், கீறல், டேஷ்போர்டில் உள்ள சாமான் எல்லாவற்றையும் போனில் படம் எடு. ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கு. கழற்றிய பழைய ஸ்பேரைப் பையில் போட்டு டிக்கியில் வை. ட்ரையல் எடுப்பதற்கு முன் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா பார். கதவு, கண்ணாடி சென்னை புதுப்பேட்டையில் பழசு வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சாமானை அங்கே தேடாதே. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, முட்டு வை.

கூலி பாக்கி பற்றி அவனே கேட்டான். வேலை செய்த வண்டியைக் கூலி வரும்வரை கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் உரிமை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவில் நமக்கு இருக்கிறது. சாவியைக் கொடுத்த நிமிடம் அந்த உரிமை போய்விடும். "வெள்ளிக்கிழமை தர்றேன்" என்பவருக்குச் சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்பது சட்டத்தில் இல்லை, அவர் முகத்தில் இருக்கிறது. நிறுத்தி வைத்த வண்டியை விற்கவோ ஓட்டவோ மட்டும் உரிமை கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். கரூர் ரோட்டில் ஒரு வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறானாம், விலை படிந்துவிட்டதாம், இன்ஜின் பட்டு மாதிரி இருக்கிறதாம்.

"பெல்ட்டை இழுத்தியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அண்ணே, ரெண்டு முழம் வந்துச்சு. அதுக்கு மேல வரமாட்டேங்குது, நறநறங்குது."

"அட்வான்ஸ் குடுத்துட்டியா?"

"இல்லண்ணே."

"டீ சாப்டுட்டுக் கிளம்பு."