இரண்டாவது குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய ஒரு துண்டு

இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் ரத்தப் புற்றுநோய் வரும் என்பது மருத்துவ உலகத்துக்குப் பழைய செய்தி. அப்படி ஓர் ஒட்டைக் குறிவைத்த இமாடினிப் மாத்திரை 2001-இல் வந்து, நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளின் ஆயுளையே நீட்டியது. ஆனால் நுரையீரல் கட்டிக்கும் இப்படி ஓர் ஒட்டு காரணமாகலாம் என்று அப்போது பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹிரோயுகி மானோ. அடிப்படையில் அவர் ரத்த நோய் மருத்துவர்.

அவருடைய முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த மரபணு குற்றவாளி என்று அவர் முன்கூட்டியே ஊகிக்கவில்லை. புகைப்பழக்கம் உள்ள 62 வயது நோயாளி ஒருவரின் கட்டியிலிருந்து, அங்கே இயங்கிக்கொண்டிருந்த மரபணுக்களின் நகல்களை எடுத்தார். அவற்றை வைரஸ்களில் ஏற்றி, எலியின் சாதாரண செல்களுக்குள் செலுத்தினார். சாதாரண செல்கள் தட்டில் ஒரே அடுக்காகப் பரவி, பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். புற்றுநோய் மரபணு புகுந்தவை மட்டும் நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். குவிந்தவற்றைத் தனியாக எடுத்து, உள்ளே புகுந்தது எது என்று படித்தார்கள். முன்பாதி இஎம்எல்4 என்ற மரபணு, பின்பாதி ஏஎல்கே என்ற மரபணு. 2007-இல் இது வெளியானது. அந்த ஆய்வில் 75 நோயாளிகளில் 5 பேரிடம் இதே ஒட்டு இருந்தது.

சரி, இவை எப்படிச் சேர்ந்தன? இரண்டுமே 2-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் (அதன் இரு பகுதிகளில் சிறியதில்), சுமார் 1.2 கோடி டிஎன்ஏ எழுத்துகள் இடைவெளியில், எதிரெதிர் திசை பார்த்து இருப்பவை. நடுவிலுள்ள துண்டு இரண்டு முனையிலும் அறுந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டால், இரண்டும் ஒரே திசையில் தொடர்ச்சியாகிவிடும்.

ஏஎல்கே புரதம் செல்லுக்கு 'வளர்' என்று கட்டளை அனுப்பும் ஒரு கினேஸ் நொதி. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது அதற்கு வேலை இருக்கிறது. வளர்ந்தவரின் நுரையீரலில் அது கிட்டத்தட்ட உறக்கத்தில்தான் கிடக்கும். இஎம்எல்4 அப்படியல்ல, நுரையீரலில் எப்போதும் இயங்குவது. போதாததற்கு, அதன் முன்பகுதி தன்னைப் போன்ற இன்னொன்றோடு பிணைந்துகொள்ளும் இயல்புள்ளது. அதனால் ஒட்டுப் புரதங்கள் கூட்டாகச் சேர்ந்து, ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வராமலேயே 'வளர்' என்ற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும்.

இந்த ஒட்டு இருப்பவர்கள் நுரையீரல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். பலர் இளையவர்கள், புகைபிடிக்காதவர்கள்.

மெட் என்ற வேறொரு நொதிக்காக உருவாக்கப்பட்ட க்ரிசோடினிப், ஏஎல்கேயையும் தடுக்கும் என்பது தெரிந்திருந்தது. மனிதர்களிடம் அதன் சோதனையும் ஏற்கனவே தொடங்கியிருந்தது. 2010-இல் வந்த முடிவில், ஒட்டு உள்ள 82 பேரில் 57 சதவீதத்தினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. 2011 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி அளித்தது. கண்டுபிடிப்பிலிருந்து மாத்திரை வரை நான்கே ஆண்டுகள்! புற்றுநோய் மருத்துவத்தில் இது அபூர்வமான வேகம்.

ஆனால் கட்டி சும்மா இருப்பதில்லை. ஏஎல்கே புரதத்தில் மருந்து போய் உட்காரும் குழியின் வாசலில் இருக்கும் 1196-ஆம் அமினோ அமிலம் மாறினால் மருந்து உள்ளே பொருந்தாது. இதையும் மானோவின் குழுவே 2010-இல் காட்டியது. அப்புறம் மூளை. க்ரிசோடினிப் அங்கே சரியாகப் போய்ச் சேராததால், நோய் மூளைக்குள் வளர்ந்துவிடும். அலெக்டினிப், லோர்லாடினிப் என்று அடுத்தடுத்து வந்த மருந்துகள் இந்த இரண்டு குறைகளையும் பெரிதும் சரிசெய்தன. முற்றிய நோயுள்ளவர்களுக்கு முதல் மருந்தாகவே லோர்லாடினிப் கொடுத்தபோது, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் 60 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறாமல் நின்றது. க்ரிசோடினிப் பெற்றவர்களில் அது 8 சதவீதம்தான்.

2016-இல் வெளியான ஒரு நோயாளியின் கதை இன்னும் வியப்பானது. க்ரிசோடினிப் அவருக்குப் பலனளிக்காமல் போய், பின்னர் லோர்லாடினிப் வேலை செய்து, அதுவும் நின்றுபோனது. கட்டியை மறுபடி பரிசோதித்தார்கள். லோர்லாடினிப்பைத் தடுத்த புதிய பிறழ்வு, க்ரிசோடினிப் முன்னைவிட இறுக்கமாக ஒட்டுவதற்கு வழி செய்திருந்தது. கைவிட்ட அந்தப் பழைய மருந்தையே திரும்பக் கொடுத்தார்கள். கட்டி மறுபடியும் சுருங்கியது.